காப்போர் கணக்கு எங்கே?

பொன்னகைக் கடையின் வாயிலில், வைப்பகத்தின் படியில், மருத்துவமனையின் நுழைவில், அடுக்ககத்தின் இரும்புக் கதவருகே, ஆலையில், கல்லூரியில், கிடங்கில் என எங்கு நோக்கினும் சீருடை அணிந்த காவலர் ஒருவர் நின்றுகொண்டிருக்கிறார். தமிழ்நாட்டின் நகரங்களில் இவர் இல்லாத பெருந்தெருவைக் காண்டல் அரிது. பகலில் நம்மை உள்ளே விடுபவர் அவர். இரவில் நம் உடைமைக்காக விழித்திருப்பவரும் அவரே. இத்தகையோர் தமிழ்நாட்டில் எத்தனை பேர்? அவர்தம் திங்கள் ஊதியம் எவ்வளவு? நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் நிற்கின்றனர்? அவருள் தமிழர் எத்துணையர்? பிற மாநிலத்தார் எத்துணையர்? இவ்வினாக்களுக்கு விடை தேடும் தமிழன் எடுத்துப் புரட்டத்தக்க அரசு ஏடு எங்கே இருக்கிறது?

நெல்லின் விலை அறியாமல் சந்தைக்குச் செல்லும் உழவனுக்குத் தரகன் சொன்னதே விலை. உழைப்பை விற்கச் செல்பவன் நிலையும் அதுவே. எங்கே ஆள் தேவை, என்ன கூலி நடக்கிறது, எத்தனை மணி வேலை, என்ன பயிற்சி வேண்டும் என்பனவே உழைப்புச் சந்தைச் செய்திகள். இச்செய்திகள் முதலாளியிடம் உண்டு. இடைநின்று ஆள் அனுப்பும் முகவனிடம் உண்டு. உழைப்பவனிடம் மட்டும் இல்லை. எண்ணப்படாத உழைப்பு, விலை பேசும் வலிமையற்ற உழைப்பு. காவற்பணியாளர் இன்று நிற்குமிடம் இதுதான்.

இந்நிலை தானாக வந்ததன்று; சட்டத்தாலேயே வந்தது. வேலை வெற்றிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகங்களுக்குக் கட்டாயமாய் அறிவிக்கும் சட்டத்தைத் தில்லி நாடாளுமன்றம் 1959-இல் இயற்றியது. 25 பேரும் அதற்கு மேலும் பணியாற்றும் தனியார் நிறுவனங்கள் வரை அது நீண்டது. ஆனால் 'திறன் வேண்டா அலுவலகப் பணி' என்று ஒரு பட்டியலை வகுத்து, அப்பணிகளுக்கு அச்சட்டம் விலக்களித்தது. ஏவலர், பெருக்குவோர் ஆகியோருடன் காவலாளியும் அப்பட்டியலில் ஏறினார். அவருக்குரிய வெற்றிடத்தை எவரும் அறிவிக்க வேண்டுவதில்லை என்றாயிற்று. 2020-இல் இயற்றப்பட்ட குமுகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அப்பழஞ்சட்டத்தை நீக்கியது. எனினும் அறுபது ஆண்டுக் காலம் எழுதப்படாமற் போன கணக்கை எந்தத் தொகுப்பு மீட்டுத் தரும்?

திறன் வேண்டாப் பணியா இது? 2005-ஆம் ஆண்டுத் தனியார் காவல் முகவாண்மைச் சட்டத்தின்கீழ் நடுவண் அரசு 2006-இல் வகுத்த விதிகள், புதிதாகச் சேரும் காவலர்க்கு வகுப்பறையில் 100 மணி நேரமும் களத்தில் 60 மணி நேரமும் ஆகக் குறைந்தது 20 வேலைநாள் பயிற்சி வேண்டுமென்றன. ஒரு கையால் 160 மணி நேரப் பயிற்சி கேட்டு, மறு கையால் திறனற்றோன் என முத்திரை குத்தும் அரசின் அறிவை என்னென்பது!

வகைப்பாட்டிலும் இக்குழப்பமே. பன்னாட்டுத் தொழில் அமைப்பின் 1988-ஆம் ஆண்டுப் பணிவகைப் பட்டியல் வாயிற்காவலரை அடிமட்டப் பணிகளுக்குள் 9152 என்னும் எண்ணில் வைத்தது. 2008-ஆம் ஆண்டுப் பட்டியல் காவற்பணியாளரைக் காப்புப் பணியாளர் வகுப்பில் சேர்த்து 5414 என்னும் எண்ணை அளித்தது. இந்திய அரசின் 2015-ஆம் ஆண்டுப் பட்டியலும் அதனையே தழுவியது. ஆனால் 2017 முதல் நடுவண் அரசு நடத்திவரும் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பில் பணிவகைக் குறிப்பு மூன்று எண்களோடு நின்றுவந்துள்ளது. 541 என்றால் யார்? தீயணைப்பாளர், காவல்துறையினர், சிறைக்காவலர், தனியார் காவலர் ஆகிய அனைவரும்! அரசு ஊதியமும் ஓய்வூதியமும் பெறுபவரையும், நாளை வேலை உண்டோ என ஏங்குபவரையும் ஒரே மூட்டையில் கட்டினால், அம்மூட்டையின் சராசரி எவர்க்குப் பயன்படும்?

தொழில்வகைப் பட்டியலின் வழியே தேடினும் முழுக் கணக்குக் கிட்டாது. அப்பட்டியலில் தனியார் காவல் தொழிலுக்கு 801 என்னும் எண் உண்டு. முகவாண்மை அனுப்பிய காவலர் அதில் அடங்குவார். துணிக்கடை தானே அமர்த்திய காவலர் வணிகத்தில் அடங்குவார். மருத்துவமனை அமர்த்தியவர் மருத்துவத்தில் அடங்குவார். வீட்டார் அமர்த்திய முதியவர் வீட்டுப் பணியாளரோடு சேர்வார். நால்வரும் செய்வது ஒரே வேலை; கணக்கிலோ நான்கு திசைக்குச் சிதறிப்போகின்றனர்.

இக்கணக்கைத் திரட்ட வழியே இல்லையா? உண்டு. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, ஒவ்வொரு முகவாண்மையும் தன் காவலர், மேற்பார்வையாளர் ஆகியோரின் பெயர், முகவரி, நிழற்படம், ஊதியம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டுமென்கிறது. யார் யார்க்குக் காவலரை அனுப்பினர் என்பதையும் எழுதவேண்டும். வேண்டிய செய்தியைக் கேட்டுப் பெறும் உரிமையும் மாநிலத்துக் கட்டுப்பாட்டு அலுவலர்க்கு அதே பிரிவில் உண்டு. உரிமம் வழங்குவதற்கென உள்துறை அமைச்சகம் 2019-இல் இணையவாயிலும் திறந்தது. முதலாளியின் உரிமத்திற்கு வாயில் திறந்தவர்கள், காவலனின் கூலிக் கணக்கிற்கு ஒரு சாளரமேனும் திறக்கலாகாதா?

கணக்கு வெளிவந்தால் எது வெளிப்படும் என்பதை எளிய பெருக்கலால் காட்டலாம். இரவும் பகலும் காக்கவேண்டிய ஒரு வாயிலுக்குக் கிழமைக்கு 168 மணி நேரக் காவல் தேவை. ஒருவர் கிழமைக்கு 48 மணி வேலை செய்தால் அவ்வாயிலுக்கு மூன்றரை ஆள் வேண்டும். பல இடங்களில் நடப்பதோ, ஆளுக்கு 12 மணி என இருவரை நிறுத்தி, ஓய்வுநாளும் இன்றி ஓட்டுவதாகும். நூறு வாயில்களுக்கு 350 பேர்க்கு உரிய வேலையை 200 பேர் செய்கின்றனர். எஞ்சிய 150 வேலைகள் எங்கே போயின? வேலையற்ற இளைஞன் இல்லத்தில் இருக்கிறான். வேலையுள்ள முதியவர் நின்று கால் வீங்குகிறார். இடையில் உள்ள மிச்சம் யார் பையில் விழுகிறது? முகவாண்மை ஓர் ஆளுக்குப் பெறும் தொகையும், அவ்வாள் கையில் பெறும் தொகையும் ஒரே தாளில் அச்சாகும் நாளன்றே அது விளங்கும்.

தமிழ்த்தேய உணர்வாளர் ஒன்றை இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும். 'வேலையெல்லாம் வெளியாருக்கே போயிற்று' என்று நாம் பேசுகிறோம். 'தமிழன் இவ்வேலைக்கு வருவதில்லை' என்று முதலாளி பேசுகிறான். இரண்டும் கணக்கில்லாப் பேச்சாக இருக்கும் வரை வெல்பவன் முதலாளியே. தமிழன் வராதது வேலையை வெறுத்தா, கூலியை வெறுத்தா என்பதைக் கூலிக் கணக்கின்றி எவ்வாறு நிறுவுவது? தொலைவிலிருந்து வந்து, காவற்கூண்டிலேயே உண்டு உறங்கி, குறைகூலிக்கு நிற்கும் ஏழை உழைப்பாளி நமக்குப் பகைவன் அல்லன். அவன் இயலாமையைக் காட்டி நம் கூலியை அழுத்துகிறவனையே நாம் வினவவேண்டும். மண்ணின் மக்களுக்கு முன்னுரிமை என்னும் கோரிக்கை வலுப்பெற வேண்டுமாயின், அதன் அடியில் எண் இருக்கவேண்டும்.

மராட்டியம் 1981-லேயே தனியார் காவலர்க்கெனச் சட்டம் இயற்றி, காவலரையும் அவரை அமர்த்துவோரையும் பதிவு செய்யும் வாரியம் அமைக்க வழி கண்டது. மாநிலத்தால் இயலும் என்பதற்கு அதுவே சான்று. சோழர் கால ஊர்கள் பாடிகாவல் என்னும் கடமையைக் கல்வெட்டில் பொறித்துவைத்தன. கல்லில் எழுதிய இனம் இன்று தாளில் எழுதத் தயங்குவதா?

ஆகவே தமிழ்நாட்டு அரசை வற்புறுத்துகிறோம். 15-ஆம் பிரிவின் பதிவேடுகளைக் காலாண்டுதோறும் திரட்டுக; ஆட்பெயர் நீக்கி, மாவட்ட வாரியாக எண்ணிக்கை, அகவை, ஊதியம், வேலைமணி, தாயகம் ஆகியவற்றைத் தமிழில் வெளியிடுக. முகவாண்மை வழியின்றி நேரே அமர்த்தப்பட்ட காவலர்க்கும் பதிவு வழங்குக. பயிற்சியும் சான்றும் பணி ஆணையும் தமிழில் அமைக. கையெழுத்திடும் தாளைப் படித்தறிய இயலாதவன் தன் கூலியையும் அறியான். 'செக்யூரிட்டி' என்னும் அயற்சொல்லை ஒழித்து, ஆவணங்களில் 'காவலர்' என்றே எழுதுக.

இதழைப் படிக்கும் அன்பர்களுக்கும் ஒரு கடமை உண்டு. உங்கள் அடுக்ககத்தின் கணக்கு உங்கள் கையில் இருக்கிறது. முகவாண்மைக்குத் திங்கள்தோறும் நீங்கள் கொடுப்பது எவ்வளவு, வாயிலில் நிற்பவர் பெறுவது எவ்வளவு என்பதை அடுத்த கூட்டத்திலேயே கேளுங்கள். அரசு எழுதத் தவறிய ஏட்டின் முதல் வரியை நாமே எழுதத் தொடங்குவோம்!