இயற்கை வாழை: மாற்றத்தின் சுமை யார் தலையில்?

குமரி மாவட்டத்தை ஒட்டிய பாறசாலை, கொல்லயில், நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் வாழை சிறு விவசாயியின் பயிர். சென்ட் கணக்கில்தான் நிலம். அதிலும் பலர் பயிரிடுவது பாட்டத்துக்கு எடுத்த நிலத்தில். இயற்கை முறைக்கு மாறினால் லாபம் வரும் என்று அவர்களுக்கு ஓயாது அறிவுரை கூறப்படுகிறது. அந்த மாற்றத்துக்கான செலவை ஏற்பது யார் என்பதே கேள்வி.

மாற்றம் தேவை என்பதில் ஐயமில்லை. காசர்கோட்டின் முந்திரித் தோட்டங்களில் வானிலிருந்து தெளிக்கப்பட்ட எண்டோசல்பான், தலைமுறைகளை முடமாக்கிய பிறகே 2011இல் உச்சநீதிமன்றத்தால் தடை செய்யப்பட்டது. ஆனால் ரசாயனத்தைக் கைவிட்ட நிலம் சான்றிதழ் பெற 2 முதல் 3 ஆண்டுகள் ஆகும். தொழு உரம், வேப்பம் புண்ணாக்கு, கன்று நேர்த்தி, கூன்வண்டுக் கட்டுப்பாடு என உழைப்பும் செலவும் கூடும். தொடக்கத்தில் விளைச்சல் குறையும். சான்றிதழ் இல்லாததால் கூடுதல் விலையும் கிடைக்காது.

இதற்கு ஒன்றிய அரசு தருவது என்ன? பரம்பராகத் கிருஷி விகாஸ் திட்டத்தில் ஹெக்டேருக்கு 3 ஆண்டுகளுக்குச் சேர்த்து 31,500 ரூபாய். 50 சென்ட் வைத்திருப்பவருக்கு ஆண்டுக்குச் சுமார் 2,100 ரூபாய்! அதிலும் சான்றிதழ், சந்தைப்படுத்தல் ஆகியவற்றின் செலவுகள் அடங்கும்.

பாட்ட விவசாயியின் நிலை இன்னும் மோசம். கேரளத்தில் நிலச் சீர்திருத்தத்துக்குப் பின் புதிய குத்தகைக்குச் சட்ட ஏற்பு இல்லாததால், ஏற்பாடு வாய்மொழியாகவே நிற்கிறது. மூன்றாண்டு பாடுபட்டு மண்ணைத் தேற்றியவர் அடுத்த ஆண்டு வெளியேற நேரலாம்; தேறிய மண் உடைமையாளருக்கே சேரும்.

கேரளத்தின் இடது ஜனநாயக முன்னணி அரசு 2020 நவம்பர் 1 முதல் 16 விளைபொருள்களுக்கு, உற்பத்திச் செலவுக்கு மேல் 20 சதவீதம் சேர்த்து அடிப்படை விலை அறிவித்தது. நேந்திரன் வாழைக்குக் கிலோ 30 ரூபாய். நாட்டுக்கே வழிகாட்டிய இந்நடவடிக்கையின் அடுத்த கட்டமாக, இயற்கை விளைச்சலின் கூடுதல் செலவைக் கணக்கிட்டுத் தனி விலை வேண்டும்.

சுமையை விவசாயி தலையில் ஏற்றிய மாற்றம் எங்கு முடியும் என்பதை இலங்கை காட்டியது. 2021இல் ரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவில் தடை செய்த கோத்தபய அரசு, நெல்லும் தேயிலையும் சரிந்ததால் சில மாதங்களிலேயே பின்வாங்கியது.

கூட்டுறவு இங்குதான் பொருள் பெறுகிறது. பங்கேற்பு உத்தரவாத முறையில் 5 விவசாயிகள் சேர்ந்தாலே குழுவாகச் சான்று பெறலாம். குடும்பஸ்ரீயின் சங்க விவசாயக் குழுக்கள் பாட்ட நிலத்திலும் கூட்டாகப் பயிரிட முடியும் என மெய்ப்பித்துள்ளன. கொள்முதல், பழுக்க வைக்கும் அறை, உப்பேரித் தயாரிப்பு ஆகியவை சங்கத்தின் கையில் இருந்தால்தான் ஓணச் சந்தையின் ஆதாயம் இடைத்தரகரைத் தாண்டி விளைவித்தவரை எட்டும். ஆயினும் மூலதனமற்றவர்கள் ஒன்று சேர்வதால் மட்டும் மூலதனம் பிறந்துவிடாது.

மாற்றக் கால இழப்பீடு, வட்டியில்லாக் கடன், குறைந்தது 5 ஆண்டுப் பயிரிடும் உரிமை, காற்றில் சாயும் வாழைக்கு உரிய காப்பீடு, இயற்கை விளைச்சலுக்குத் தனி விலை: இவை சலுகைகள் அல்ல. நஞ்சில்லா உணவால் பயன் பெறுவது சமூகம் முழுவதும். அதற்கான செலவையும் சமூகமே ஏற்க வேண்டும். இக்கோரிக்கைகளை ஊராட்சிதோறும், கூட்டுறவுச் சங்கந்தோறும் கொண்டுசெல்வது விவசாய இயக்கத்தின் உடனடிக் கடமை.