பழைய கார்டில் கத்தரி வேண்டாமே!

குட்டீஸ்... தாத்தாவின் பெட்டியில் பழைய போஸ்ட் கார்டு கிடைத்தால், என்ன செய்வீர்கள்? சிலர், ஸ்டாம்ப் பகுதியை மட்டும் வெட்டி ஆல்பத்தில் ஒட்டுவர். சிலர், கைவேலைக்கு அட்டையாக்கி விடுவர். இரண்டுமே வேண்டாம்!

உலகின் முதல் போஸ்ட் கார்டு, 1869ல், ஆஸ்திரியா - ஹங்கேரியில் வெளியானது. நம் நாட்டுக்கு, 1879ல், காலணா விலையில் வந்தது. பின், படம் போட்ட கார்டுகளும் வந்தன. அக்கால சென்னையைக் காட்டும் கார்டுகளை, 2018ல், லண்டனில் கண்காட்சியாகவே வைத்தனர்.

படம் மட்டுமா வரலாறு? யார், யாருக்கு, என்ன எழுதினார் என்பதும், தபால் முத்திரையும் வரலாறுதான். வெட்டினால், பாதி போய்விடும். பசை தடவாமல், உறையில் போட்டு வையுங்கள்.

கைவேலை ஆசையா? புது அட்டையில் செய்யுங்கள். பூவும், இலையும் புடைத்துத் தெரியும், 'எம்பாஸ்' கார்டுகள் அன்று பிரபலம். தடித்த அட்டையில், இலை வடிவில் ஓட்டை வெட்டுங்கள். அதன் மேல் உங்கள் அட்டையை வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால், ஓட்டையின் ஓரத்தை அழுத்தித் தேயுங்கள். திருப்பினால், இலை மேடாக நிற்கும்!

எந்த இலை? உங்கள் ஊர் இலைதான்! தர்மபுரி மாவட்டம், வத்தல்மலையில் இருப்போர், அங்கு விளையும் காபியின் இலையைப் பதிக்கலாம். அச்சுக் கார்டுகள் பெரிய ஊர்களையே அதிகம் காட்டின. மலை கிராமத்துக்கு, நாம்தான் செய்ய வேண்டும். ஊர், தேதி எழுதி, ஸ்டாம்ப் ஒட்டி நண்பருக்கு அனுப்புங்கள்.

50 ஆண்டு கழித்து, அதை ஒரு பெட்டியில் கண்டெடுக்கும் குழந்தையும், வெட்டாமல் இருக்கட்டும்!