உண்டியல் அல்ல, உரிமை

போன மாதம், சிறுதொழில் கடன் வாங்கியவர்களுக்கான ஒரு பயிற்சி வகுப்புக்கு எங்கள் பகுதிப் பெண்களை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். இட்லிக் கடை, தையல், இஸ்திரி வண்டி, செருப்பு ரிப்பேர். எல்லாமே ஒற்றை ஆள் தொழில். பாடம் எடுத்தவர் சொன்னார்: "நீங்க இனிமே கூலி இல்ல, தொழில்முனைவோர். வருமானத்துல பத்து சதவீதத்த மருத்துவச் செலவுக்குன்னு தனிக் கணக்குல போடுங்க. வெளிநாட்டுல எல்லாம் அப்படித்தான்."

இட்லிக் கடை அக்கா எழுந்தார். "பணம் போடறது இருக்கட்டும் சார். நான் ஆஸ்பத்திரில படுத்துட்டா கடைய யாரு தொறப்பா?"

அவர் சிரித்துவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். அக்காவின் கேள்வியை நாம் விட்டுவிடக் கூடாது.

முதலில் அந்த வெளிநாட்டுக் கதையைப் பார்ப்போம். கனடாவில் சிறுதொழில் நடத்துவோருக்கு மருத்துவச் செலவுக் கணக்கு உண்டு, வரிச் சலுகையும் உண்டு. ஆனால் அங்கே டாக்டர் செலவும் ஆஸ்பத்திரிச் செலவும் ஏற்கெனவே பொதுக் காப்பீட்டில் வந்துவிடுகின்றன. பல், கண்ணாடி, மாத்திரை போன்ற மிச்சச் செலவுக்குத்தான் இந்தக் கணக்கு. சிங்கப்பூர் 1984-இல் மெடிசேவ் கணக்கைக் கொண்டுவந்தது. அது மட்டும் போதாது என்று 1990-இல் மெடிஷீல்டு காப்பீட்டையும், 1993-இல் கட்ட முடியாதவர்களுக்காக மெடிஃபண்டையும் அந்த அரசே சேர்த்தது. கூரை போட்ட வீட்டில் மாட்டிய மின்விசிறியைக் காட்டி, கூரையே இல்லாத நம்மிடம் "நீங்களும் ஒன்று மாட்டுங்கள்" என்கிறார்கள்.

இங்கே அரசு யாருக்குக் கைகொடுக்கிறது? மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு வருமான வரிச் சட்டத்தின் 80டி பிரிவில் 25,000 ரூபாய் வரை கழிவு தந்தார்கள். அதுவும் பழைய வரி முறையில் இருப்பவருக்குத்தான். வருமான வரி வரம்புக்குள்ளேயே வராத செருப்புக் கடை அண்ணனுக்கு அதில் ஒரு பைசா கிடையாது. அவர் வரி கட்டாதவரா? பசை வாங்கினால் ஜிஎஸ்டி, நூல் வாங்கினால் ஜிஎஸ்டி. வரி கட்டுகிறார், சலுகை மட்டும் அவருக்கு வருவதில்லை.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, பல உயிர்களைக் காப்பாற்றியும் இருக்கிறது. ஆனால் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. மாதம் 10,000. கடன் வாங்கிக் கடையைக் கொஞ்சம் நிமிர்த்தினால் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுவோம். தாண்டாவிட்டாலும், அட்டை ஆஸ்பத்திரியில் படுத்தால் வரும் பில்லைப் பார்த்துக்கொள்ளும். படுத்த நாட்களின் வருமானத்தை யார் தருவது?

அக்கா கேட்டது அதைத்தான். அதற்கு இந்த நாட்டில் ஒரு பதில் ஏற்கெனவே இருக்கிறது: இ.எஸ்.ஐ. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் தொழிலாளி தன் பங்காக 0.75 சதவீதம் கட்டுகிறார், முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார். வைத்தியம் மட்டுமல்ல, நோயில் படுத்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கைக்கு வருகிறது. அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வைத்திருந்த காலத்தில்தான் அடார்கர் இதற்கான அறிக்கையை 1944-இல் கொடுத்தார். 1948-இல் சட்டமானது. நோய் ஒரு தொழிலாளியின் தனிப்பட்ட கஷ்டம் அல்ல, எல்லோரும் சேர்ந்து சுமக்க வேண்டியது என்பதே அதன் அடிப்படை. தனிக் கணக்கு அதை அப்படியே தலைகீழாக்குகிறது: உன் நோய், உன் பணம், உன் பாடு.

முதலாளி இல்லாதவருக்கு இ.எஸ்.ஐ. கிடையாது. நம் மக்களில் பலர் ஏன் முதலாளி இல்லாத தொழிலில் இருக்கிறார்கள் என்பதற்கு சாதியைத் தவிர்த்துவிட்டுப் பதில் சொல்ல முடியாது. தோலும் சலவையும் யார் தலையில் கட்டப்பட்டன? படுத்த வாரத்தைச் சமாளிக்க விற்க நிலமோ, அடகு வைக்க நகையோ யாரிடம் இல்லை? நாலு நாள் கடை மூடினால் வாடிக்கையாளர் போய்விடுவார், ஐந்தாம் நாள் வட்டிக்காரர் வந்துவிடுவார். கடனாக வந்த முதல் ஒரு டெங்குக் காய்ச்சலில் கரைந்துவிடும். பிறகு, "இவங்களுக்குக் கடன் குடுத்தாலும் முன்னேற மாட்டாங்க" என்று நம்மையே குறை சொல்வார்கள்.

சேமிப்பு கெட்டது என்று நான் சொல்லவில்லை. நம் பெண்கள் சீட்டும் போடுகிறார்கள், குழுவிலும் கட்டுகிறார்கள். சேமிக்கத் தெரியாமல் யாரும் ஏழையாக இல்லை. சேமிப்பை உரிமைக்குப் பதிலாக நீட்டுவதைத்தான் எதிர்க்கிறேன்.

தோழர்களே, 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் 45-ஆவது பிரிவை எடுத்துப் படியுங்கள். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கும் இ.எஸ்.ஐ. பயன்களைத் தர ஒன்றிய அரசு திட்டம் வகுக்கலாம் என்கிறது. "வகுக்கலாம்" என்றுதான் இருக்கிறது, "வகுக்க வேண்டும்" என்று இல்லை. அந்த ஒரு சொல்லை மாற்றுவதுதான் நம் வேலை. முதலாளி இல்லாத இடத்தில் முதலாளியின் பங்கை அரசு கட்டட்டும். மாநில நலவாரியங்கள் நோய்க்காலப் பணம் தரட்டும். கடையை மூடாமல் போய் வர எல்லா ஊரிலும் சாயங்கால ஓ.பி. நடக்கட்டும்.

அடுத்த கிராம சபையில் இந்த மூன்றையும் தீர்மானமாகக் கொண்டுபோங்கள். உங்கள் தெருவில் நலவாரியத்தில் பதியாதவர்களை உட்கார வைத்துப் பதிந்து கொடுங்கள். அடுத்த பயிற்சி வகுப்பில் அக்கா அதே கேள்வியைக் கேட்கும்போது பக்கத்தில் நாம் நாலு பேர் எழுந்து நிற்க வேண்டும்.

ஜெய்பீம்.