பூச்சியமும் மௌனமும்

கருவிகள் சொல்வதை நம்பியே இன்றைய தொழிலுலகம் இயங்குகின்றது. நீர் சுத்திகரிப்பு நிலையத்துத் தொட்டியின் நீர்மட்டம், எரிபொருட் குழாயின் அழுத்தம், மின்கம்பியிலே பாயும் மின்னோட்டம், உணவுத் தொழிற்சாலைக் கொதிகலனின் வெப்பநிலை ஆகிய யாவும் உணரிகளால் அளக்கப்பட்டு, கம்பி வழியாகவோ வானொலி அலை வழியாகவோ ஒரு கட்டுப்பாட்டறையை வந்தடைகின்றன. அங்கே அமர்ந்திருப்பவர் தொட்டியைப் பார்ப்பதில்லை. திரையிலே தோன்றும் எண்ணையே பார்க்கின்றார். அந்த எண் உண்மையாயின் அவர் எடுக்கும் முடிவும் பொருத்தமானதாகும். அந்த எண்ணைக் கொண்டுவந்த இணைப்பு அரைமணி நேரத்திற்கு முன்னரே அறுந்து போயிருந்தால் என்ன ஆகும்? இக்கேள்வியைப் பற்றிய எமது கருத்துகள் சிலவற்றை இம்மலரில் முன்வைக்க விரும்புகின்றோம்.

தமிழ்ப் பள்ளியின் ஆண்டு மலரிலே தொழிற்சாலைக் கருவிகளைப் பற்றிய கட்டுரை எதற்கு எனச் சிலர் வினவக்கூடும். மொழி, சமயம், பண்பாடு பற்றிய நல்ல கட்டுரைகள் இத்தகைய மலர்களில் என்றும் இடம்பெறுகின்றன. எனினும் எம் பெற்றோரிற் பலர் தொழிற்கூடங்களிலே பணிபுரிகின்றனர். எம் பிள்ளைகளிற் பலர் நாளை பொறியியலாளராகவும் கணனி வல்லுநராகவும் விளங்கப் போகின்றனர். தாம் செய்யும் தொழிலைப் பற்றித் தாய்மொழியிலே சிந்திக்க இயலாத சமூகம், அம்மொழியை விழா நாள்களுக்கு மட்டும் உரியதாக ஆக்கிவிடும். அன்றியும், ஒன்ராறியோவில் வாழும் நாம் இந்தச் சிக்கலின் விளைவை ஒருமுறை இருளில் இருந்தே அறிந்து கொண்டவர்கள்.

2003 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14 ஆம் நாள், வியாழக்கிழமை, மாலை 4 மணி கடந்த சில நிமிடங்களில் ஒன்ராறியோவின் பெரும்பகுதியும் அமெரிக்காவின் எட்டு மாநிலங்களின் பல பகுதிகளும் மின்சாரத்தை இழந்தன. ஏறத்தாழ 5 கோடி மக்கள் பாதிக்கப்பட்டனர். இம்மாகாணத்தின் சில இடங்களில் ஒரு வாரத்திற்கும் மேலாகச் சுழற்சி முறையில் மின்வெட்டு நிலவியது. கனடாவும் அமெரிக்காவும் கூட்டாக அமைத்த விசாரணைக் குழு 2004 ஏப்ரலில் தன் இறுதி அறிக்கையை வெளியிட்டது. உயர் அழுத்த மின்கம்பிகள் வளர்ந்த மரங்களைத் தொட்டமையே தொடக்கம் எனப் பலரும் அறிவர். அவ்வறிக்கையின் மற்றொரு பகுதியே எம் கவனத்திற்கு உரியது.

ஒஹாயோ மாநிலத்து மின்வழங்கு நிறுவனமொன்றின் கட்டுப்பாட்டறையிலே, பிற்பகல் 2.14 மணிக்கு எச்சரிக்கைகளை எழுப்பும் கணனி நிரல் செயலிழந்தது. 2.41 மணிக்கு அந்நிரலைத் தாங்கிய முதன்மைக் கணனி நின்றது. அதன் பணியை ஏற்ற மாற்றுக் கணனியும் 2.54 மணிக்கு நின்றது. திரைகள் புதுப்பிக்கப்படும் வேகம் குறைந்தது. ஓரிரு விநாடிகளில் மாற வேண்டிய காட்சி மாறுவதற்குச் சில வேளை ஏறத்தாழ ஒரு நிமிடம் சென்றது. இதற்கிடையே 3.05, 3.32, 3.41 ஆகிய நேரங்களிலே 345 கிலோவோல்ற் மின்தடங்கள் மூன்று ஒன்றன்பின் ஒன்றாகத் துண்டிக்கப்பட்டன. எந்த எச்சரிக்கையும் ஒலிக்கவில்லை. ஒலிக்காத காரணத்தால், எல்லாம் நலமே என இயக்குநர்கள் எண்ணியிருந்தனர். வெளியிலிருந்து தொலைபேசியில் வந்த செய்திகளும் தம் திரை காட்டியதோடு பொருந்தாமையால் உடனே ஏற்கப்படவில்லை.

இன்னொன்றையும் கவனித்தல் வேண்டும். கணனிகள் நின்ற செய்தி கணனிப் பிரிவினருக்குத் தானாகவே சென்றடைந்தது. அவர்கள் விரைந்து முயன்று 3.08 மணிக்கு முதன்மைக் கணனியை மீள இயக்கினர். ஆயினும், எச்சரிக்கை நிரல் வேலை செய்கின்றதா எனக் கட்டுப்பாட்டறையில் இருந்தோரிடம் அவர்கள் கேட்டறியவில்லை. அது வேலை செய்யவில்லை. கணனியைக் காப்பவருக்கு மின்தடங்களின் நிலை தெரியாது. மின்தடங்களைக் காப்பவருக்குக் கணனியின் நிலை தெரியாது. ஒரே கூரையின் கீழ் இருந்த இரு பிரிவினருக்கு இடையே இருந்த அந்த இடைவெளி, கம்பி அறுந்ததற்கு ஒப்பானது.

இத்தகைய நிகழ்வு இதுவே முதலாவதன்று. 1999 ஆம் ஆண்டு ஜூன் 10 ஆம் நாள், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துப் பெல்லிங்ஹாம் நகரிலே பெற்றோல் கொண்டுசென்ற நிலக்கீழ்க் குழாயொன்று வெடித்தது. ஏறத்தாழ 2,37,000 கலன் பெற்றோல் ஓடையொன்றிற் கலந்து தீப்பற்றியது. பத்து வயதுச் சிறுவர் இருவரும் பதினெட்டு வயது இளைஞர் ஒருவரும் உயிரிழந்தனர். குழாயை இயக்கிய கணனி அமைப்பு மிக நெருக்கடியான நேரத்தில் இயக்குநரின் கட்டளைகளுக்குப் பதில் தராது நின்றது. பயன்பாட்டில் இருந்த அந்த அமைப்பின் மேலேயே தரவுத்தள வேலைகளைச் செய்யும் வழக்கம் இருந்தமை அதற்குக் காரணம் என அந்நாட்டு விசாரணைச் சபை கண்டது. தரவு திரட்டும் அமைப்பின் நலத்தைக் கவனியாமையின் விலையை, அந்த அமைப்பைப் பற்றி எதுவுமே அறியாத பிள்ளைகள் செலுத்த நேர்ந்தது.

இவ்விரு நிகழ்வுகளுக்கும் பொதுவான பாடம் யாது? ஒன்றும் இல்லை என்பதும் ஒன்றும் தெரியவில்லை என்பதும் வேறு வேறு. பூச்சியம் ஒரு செய்தி. மௌனம் செய்தியின் இன்மை. இவ்விரண்டையும் ஒன்றாகக் காட்டும் எந்த அமைப்பும் ஆபத்தானது என்பதே எமது உறுதியான கருத்து.

முன்னைய தலைமுறைப் பொறியியலாளர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். தொழிற்சாலை உணரிகள் தம் அளவீட்டை 4 முதல் 20 மில்லி அம்பியர் வரையான மின்னோட்டமாக அனுப்பும் முறை இன்றும் பரந்த வழக்கில் உள்ளது. பூச்சியத்திலிருந்து தொடங்காமல் 4 இலிருந்து தொடங்குவானேன்? தொட்டி வெறுமையாயின் உணரி 4 மில்லி அம்பியரை அனுப்பும். கம்பி அறுந்தாலோ மின்னோட்டம் பூச்சியமாகும். ஆதலின் வெறுமையான தொட்டியையும் அறுந்த கம்பியையும் கருவி வேறுபிரித்து அறிகின்றது. பின்னர் வகுக்கப்பட்ட நடைமுறையின்படி, 3.6 மில்லி அம்பியருக்குக் கீழே சென்றால் அது அளவீடன்று, பழுதின் அறிவிப்பு எனக் கொள்ளப்படுகின்றது. எளிய இரு கம்பிகளுக்குள்ளே எத்துணை நுட்பமான சிந்தனை!

கணனி வலையமைப்புகள் வந்தபின் இந்த நுட்பம் தானாக உடன் வரவில்லை. 1979 ஆம் ஆண்டு அறிமுகமாகி இன்றும் எண்ணற்ற தொழிற்சாலைகளில் வழங்கும் மொட்பஸ் என்னும் நெறிமுறையை எடுத்துக்கொள்வோம். தலைமைக் கருவி கேட்கும். கிளைக் கருவி விடையளிக்கும். விடை வராதபோது திரையிலே எதைக் காட்டுவது என்பதை அந்நெறிமுறை விதிப்பதில்லை. அதனை மென்பொருளை அமைப்பவரே முடிவுசெய்ய வேண்டும். அவர் சிந்தியாது விட்டால், கடைசியாக வந்த எண்ணே திரையில் நின்றுவிடக்கூடும். 72 பாகை என்னும் வெப்பநிலை, உலை குளிர்ந்தாலும் கொதித்தாலும், 72 ஆகவே ஒளிரும்.

இணையத்தின் அடிப்படையாகிய ரி.சி.பி. நெறிமுறையும் இவ்விடயத்தில் நம்மைத் தானாகக் காப்பதில்லை. தரவை எதிர்பார்த்து வாளாவிருக்கும் கணனி, எதிர்ப்பக்கத்துக் கம்பி பிடுங்கப்பட்டதை அறியாமல் நெடுநேரம் காத்திருக்கும். எதிர்ப்பக்கம் உயிருடன் உள்ளதா என வினவும் வசதி அதில் உண்டு. ஆயினும் 1989 ஆம் ஆண்டின் விதி ஆவணம், அவ்வசதி இயல்பாக நிறுத்தப்பட்டே இருக்க வேண்டும் என்றும், அதன் இயல்பான இடைவெளி 2 மணித்தியாலத்திற்குக் குறையலாகாது என்றும் கூறுகின்றது. பொதுவான வலையமைப்புக்கு அது பொருத்தமாகலாம். விநாடிக்கு விநாடி அழுத்தம் மாறும் குழாய்க்கு இரண்டு மணித்தியாலம் என்பது ஊழிக்காலம்.

ஆகவே செய்ய வேண்டியவை யாவை? அவை அரிய வித்தைகள் அல்ல.

முதலாவதாக, ஒவ்வோர் அளவீட்டுடனும் அது பெறப்பட்ட நேரமும் அதன் தரமும் சேர்ந்தே வருதல் வேண்டும். தொழிற்சாலைத் தரவுப் பரிமாற்றத்துக்கென எழுந்த ஓ.பி.சி. முறை, மதிப்பு, நேரம், தரம் ஆகிய மூன்றையும் ஒன்றாகவே தருகின்றது. அதனைப் பெற்றுக்கொண்ட பின், திரையில் மதிப்பை மட்டும் காட்டி மற்ற இரண்டையும் மறைப்பது பெருந்தவறு. பழைய எண் நிறம் மங்கித் தோன்றுதல் வேண்டும்.

இரண்டாவதாக, இணைப்புக்கு ஒரு நாடித்துடிப்பு வேண்டும். களத்திலுள்ள கட்டுப்பாட்டுக் கருவி ஒவ்வொரு விநாடியும் ஓர் எண்ணை ஒன்றாற் கூட்டிக்கொண்டே இருக்கட்டும். அந்த எண் சில விநாடிகள் மாறாது நின்றால் கட்டுப்பாட்டறை உடனே அறிந்துகொள்ளும். மாற்றம் நிகழ்ந்தால் மட்டுமே தரவை அனுப்பும் அமைப்புகளில் இது இன்றியமையாதது. ஏனெனில் அங்கே அமைதி என்பது இயல்பான நிலையாகவும் இருக்கலாம். இறந்த நிலையாகவும் இருக்கலாம்.

மூன்றாவதாக, இணைப்பு அறுவதற்கு முன்னரே அது நலிவதைக் காண வேண்டும். விடை வரும் நேரம் நாளுக்கு நாள் நீள்கின்றதா, மீண்டும் மீண்டும் கேட்க வேண்டியுள்ளதா, பிழையுற்ற பொதிகளின் எண்ணிக்கை ஏறுகின்றதா என்பவற்றைப் பதிவு செய்தால், துருவேறிய இணைப்பியையும் ஈரம் புகுந்த கம்பியையும் முன்கூட்டியே இனங்காணலாம்.

நான்காவதாக, சோதித்துப் பார்க்க வேண்டும். உரிய முன்னறிவிப்புடனும் பாதுகாப்புடனும் ஒரு கம்பியைக் கழற்றிவிட்டு, எத்தனை விநாடியில், எவருக்கு, என்ன செய்தி சென்றது எனக் குறித்துக்கொள்ள வேண்டும். சோதிக்கப்படாத எச்சரிக்கை, எச்சரிக்கை ஆகாது.

இதற்கு மறுப்புரைப்போரும் உளர். எல்லாவற்றையும் கண்காணிக்கப் புகுந்தால் எச்சரிக்கைகள் பெருகி இயக்குநரைத் திணறடிக்கும் என்பர். இது புறந்தள்ளத் தக்கதன்று. ஓர் இயக்குநருக்குச் சராசரியாகப் பத்து நிமிடத்திற்கு ஓர் எச்சரிக்கைக்கு மேல் வரலாகாது என்பது இத்துறையில் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஓர் அளவுகோல். ஓர் இணைப்பு அறுந்தால், அதன் வழியே வரும் நூறு உணரிகளும் நூறு எச்சரிக்கைகளை எழுப்பாமல், இணைப்பு அறுந்தது என்னும் ஒரே செய்தி தோன்றுமாறு அமைத்தல் இதற்குத் தீர்வாகும். சிந்தித்து அமைத்த கண்காணிப்பு எச்சரிக்கைகளைக் குறைக்கும்.

கண்காணிப்பே வலையமைப்புக்குச் சுமையாகாதா என்பது மற்றொரு மறுப்பு. அளவு மீறினால் ஆகும். 2006 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 19 ஆம் நாள், அலபாமா மாநிலத்துப் பிறவுண்ஸ் பெரி அணுமின் நிலையத்தின் மூன்றாம் அலகை இயக்குநர்கள் நிறுத்த நேரிட்டது. வலையமைப்பில் மிதமிஞ்சிய போக்குவரத்து ஏற்பட்டு, நீரைச் சுழற்றும் பம்பிகளின் கட்டுப்பாட்டுக் கருவிகள் செயலற்றுப் போனமையே காரணம். அப்போக்குவரத்து கண்காணிப்பினால் எழுந்ததென நாம் கூறவில்லை. தேவையற்ற பொதிகள் எதன் பெயரால் வந்தாலும் கருவிகளை முடக்கும் என்பதற்கே இதனை எடுத்துக்காட்டினோம். எனவே நாடித்துடிப்பு சிறியதாகவும் சீரானதாகவும் இருத்தல் வேண்டும். வலையமைப்பில் போக்குவரத்து எவ்வளவு என்பதும் கண்காணிக்கப்பட வேண்டிய ஒன்றே.

செலவு என்னும் மறுப்புக்கு விடை சுருக்கமானது. ஒரு விநாடிக்கு ஒருமுறை ஓர் எண்ணைக் கூட்டுவதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. அதனைச் செய்ய வேண்டும் என்ற எண்ணமே அரிதாக உள்ளது.

இவற்றுக்கெல்லாம் மேலாக, கருவிகள் கண்டறிந்த பழுது மனிதரிடம் சென்று சேருதல் வேண்டும். ஒஹாயோவிலே கணனிகள் தம் பழுதைச் சொல்லத் தவறவில்லை. கேட்ட மனிதர் அதனை உரியவரிடம் சேர்ப்பிக்கவில்லை. கணனிப் பிரிவு வேறு, இயக்கப் பிரிவு வேறு என மதில் எழுப்பிக்கொண்ட நிறுவனங்கள் இன்றும் பல. பழுது திருத்தியவர், அதனைப் பயன்படுத்துபவரிடம் நேரிற் கேட்டு உறுதிசெய்த பின்னரே வேலை முடிந்ததாகக் கொள்ளும் ஒழுங்கு எங்கும் வர வேண்டும். அதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. ஒரு தொலைபேசி அழைப்புப் போதும்.

தொழிற்கூடங்களிலே பணிபுரியும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் முன்னே உள்ள திரையைக் காட்டி, இந்த எண் எப்போது வந்தது எனக் கேளுங்கள். இயந்திர இயக்குநராயினும் இரவுநேரப் பணியாளராயினும் இக்கேள்வியைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. உடனே விடை கூற எவராலும் இயலாதாயின், அங்கே திருத்தப்பட வேண்டிய குறையொன்று இருக்கின்றது என உணருங்கள், மேலாளரிடம் எடுத்துரையுங்கள்.

எம் மாணவச் செல்வங்களுக்கும் ஒன்று சொல்வோம். உணரி, இணைப்பு, நாடித்துடிப்பு, எச்சரிக்கை, தரம் என இக்கட்டுரைக்குத் தேவைப்பட்ட சொற்களிற் பெரும்பாலானவை நம் வகுப்பறைகளில் ஏற்கெனவே வழங்குபவை. நாளை நீங்கள் ஓர் அமைப்பை வடிவமைக்கும்போது, அது பேசும் வேளையில் மட்டுமன்றிப் பேசாதிருக்கும் வேளையிலும் தன் நிலையை அறிவிக்குமாறு அமையுங்கள். அந்த அமைப்பைப் பற்றி ஒன்றுமே அறியாது அதன் அருகே வாழும் மக்களுக்கு நீங்கள் செய்யும் பேருதவி அதுவாகும்.