அழித்துச் செய்த வரலாறு

'பழைய நகைய அழிச்சுப் புதுசா செஞ்சிட்டோம்' என்று நம் வீடுகளில் பெருமையாகச் சொல்வார்கள். அழிப்பது என்ற சொல் யாரையும் உறுத்துவதில்லை. நகை வடிவமைப்புக்கு நம்மிடம் எழுதப்பட்ட வரலாறு இல்லாமல் போனதற்கு அந்த உலை ஒரு காரணம். இன்னொரு காரணம் நாம், வாசிக்கிறவர்கள்.

நவீன நகையின் வரலாற்றைப் படிக்கப் போனால் 1900 பாரிஸ் உலகக் கண்காட்சி, ரெனே லாலிக் என்று தொடங்கும். அடுத்து கார்த்தியே. அச்சகோதரர்களில் ஒருவரான ஜாக் 1911இல் டெல்லி தர்பாருக்கு வந்தார். இந்தியாவில் இலைபோலச் செதுக்கிய மரகதமும் மாணிக்கமும் பின்னாளில் அந்நிறுவனத்தின் புகழ்பெற்ற பாணியாயின. நிலைத்தது நிறுவனத்தின் பெயர். செதுக்கியவன் பெயர் அல்ல.

இதற்கு நம் பதில், 'எங்க நகைக்கு ரெண்டாயிரம் வருஷப் பாரம்பரியம் இருக்கு' என்ற மேடைப்பேச்சு. அதிலும் செய்தவன் இல்லை, ஆண்டு இல்லை, மாற்றம் இல்லை.

தண்டட்டியையும் பாம்படத்தையும் பாருங்கள். தங்கத் தகட்டில் உருண்டை, சதுரம், முக்கோணம்; உள்ளே அரக்கு. பூ இல்லை, மயில் இல்லை, வெறும் வடிவங்கள். 1920களில் ஐரோப்பிய நகை வடிவியல் பக்கம் திரும்பியபோது அதை நவீனம் என்றார்கள். அதற்கு முன்பே இதைக் காதில் தொங்கவிட்டு நடந்த நம் பாட்டிகளைப் பட்டிக்காடு என்றோம். காதை வெட்டித் தைத்துக்கொண்டார்கள். தண்டட்டி உலைக்குப் போனது. தப்பியவை மேலைநாட்டு அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன.

சுங்கை ஊடாங்கிலிருந்து மலாக்கா நகரம் தூரமில்லை. அங்கே ஒரு தெருவின் பெயரே ஜாலான் துக்காங் எமாஸ், பொற்கொல்லர் தெரு. 1781இல் மலாக்கா செட்டிகள் எழுப்பிய பொய்யாத விநாயகர் கோயில் அங்கேதான் இருக்கிறது. கோயிலைப் பற்றி எழுதுகிறோம், தெருப்பெயரைக் கடந்துபோகிறோம். நியோன்யா கெபாயாவைப் பூட்டும் கெரோசாங்கைச் சீனப் பொற்கொல்லர்களோடு இந்திய, இலங்கைப் பொற்கொல்லர்களும் செய்தார்கள். அவர்கள் யார் என்று நம் கட்டுரைகள் கேட்டதுண்டா?

'கஷ்டத்துக்கு வித்தோம், அடகு வெச்சோம். இதுல என்ன வரலாறு?' என்பார்கள். தோட்டத்துத் தொழிலாளிக்குத் தங்கம்தான் சேமிப்பு. அவரைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. என் சண்டை படித்தவர்களோடு. கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசாமி கண்டியக் கைவினைஞர்களின் வேலைமுறைகளைக் குறித்து வைத்து 1908இல் நூலாக்கினார். நூற்றாண்டு கழிந்தும் நம் பத்தர்களைப் பற்றி அப்படி ஒரு முயற்சி இங்கே எங்கே?

கடை ரசீதில் எடை இருக்கும், 916 இருக்கும், கூலி இருக்கும். வடிவத்துக்கும் செய்த கைக்கும் இடமில்லை. நம் இலக்கியமும் அந்த ரசீதைப்போல இருக்கலாமா? அடுத்த நகை உலைக்குப் போகும் முன் ஒரு படம் எடுங்கள். யார் செய்தது, எந்த ஊர், யார் போட்டது என்று பாட்டியிடம் கேட்டு எழுதுங்கள். தங்கத்தை உருக்கட்டும். தகவலையும் சேர்த்து உருக்க வேண்டாம்.