நடுப்படமும் சுற்றுத்துணியும்

தேர்ச்சீலையின் அழகைத் தீர்மானிப்பது நடுவில் இருக்கும் தெய்வ உருவமன்று, அதைச் சுற்றியுள்ள துணியே என்று சொன்னால் சிலர் கோபித்துக்கொள்ளக்கூடும். காவிரிப் படுகையின் கோயில் துணிகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் எனக்கு வேறுவிதமாகச் சொல்ல வழியில்லை.

அண்மையில் எங்கள் பக்கத்துக் கோயில்கள் சிலவற்றில் கண்ட புதுத் தொம்பைகளிலும் திரைச்சீலைகளிலும் கணினியில் அச்சடித்த பளபளப்பான படமொன்று நடுநாயகமாக அமர்ந்திருந்தது. அச்சுப் படத்தில் எண்ணற்ற வண்ணச் சாயல்கள். அவற்றுள் கண்ணைப் பறிக்கும் நான்கைந்தைப் பொறுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு கரை வைத்து, போதாக்குறைக்கு ஜரிகையும் குஞ்சமும் சேர்த்துத் தைத்திருந்தார்கள். பத்தடி தள்ளி நின்றால் படமும் தெரியவில்லை, கரையும் தெரியவில்லை. (உபயதாரர் பெயர் மட்டும் தெளிவாகத் தெரிந்தது.)

திருவாரூர் ஆழித்தேரை நினைத்துப் பாருங்கள். மரப்பகுதியின் உயரம் ஏறத்தாழ 30 அடி. அலங்கரித்து முடித்தால் 96 அடி. மீதியெல்லாம் மூங்கிலும் துணியும்தாம். வீதியில் நின்று, பங்குனி வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அண்ணாந்து பார்ப்பவனுக்காகத் தைக்கப்படுவது அது. அவ்வளவு தூரத்தில் ஒரே அடர்த்தியுள்ள நீலமும் பச்சையும் ஒன்றாகக் கலந்துவிடும். சிவப்பும் வெள்ளையும் கறுப்பும் மஞ்சளும் கலப்பதில்லை. துணியை வெட்டி ஒட்டுத்தையல் போடும் பழைய கைகளுக்கு இது பாடமாக அல்ல, பழக்கமாகவே தெரிந்திருந்தது. சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவே மெல்லிய வெள்ளை விளிம்பொன்று ஓடினால் இரண்டும் தத்தம் இடத்தில் நிற்கும்.

கருப்பூர்க் கலம்காரியின் ஒழுங்கு வேறோர் இடத்திலிருந்து வந்தது. கடுக்காயும் பாலும் ஊட்டிய துணி. இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்து எடுத்த கறுப்பு. படிகாரமும் சாயவேரும் தந்த சிவப்பு. நிறங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நடுவுருவம் எந்தச் சிவப்போ கரையும் அதே சிவப்பு, ஏனெனில் இரண்டும் ஒரே சாயப்பானையிலிருந்து வந்தவை. நிறப்பொருத்தம் பற்றித் தனியே கவலைப்பட வேண்டிய தேவையே எழவில்லை!

அமைப்பிலும் அப்படித்தான். தொம்பை உருளை வடிவம், எப்பக்கமிருந்தும் பார்ப்பார்கள். ஆகவே அதில் ஒற்றை நடுப்படம் பொருந்தாது, சுற்றிவரும் வரிசையே பொருந்தும். அஸ்மானகிரி தலைக்கு மேல் விரியும் விதானம் (ஆஸ்மான் என்றால் பாரசீகத்தில் வானம், தஞ்சையில் எத்தனை மொழிகள் துணியோடு வந்து ஒட்டிக்கொண்டன!). அதற்கு நடுவில் ஒரு தாமரை இருந்தால் எந்தத் திசையில் நின்றாலும் நேராகத் தெரியும். நின்ற கோலத்தில் ஒரு தெய்வத்தை அங்கே அச்சிட்டால் பாதிப் பேருக்குத் தலைகீழாகத் தெரியும். அதையும் செய்திருக்கிறார்கள், பார்த்தேன்.

அச்சுப் படமே ஆகாது என்பதில்லை என் கட்சி. சோழமண்டலக் கரையிலிருந்து போன சீட்டித் துணியின் பூக்களையும் பறவைகளையும் வெட்டியெடுத்து ஐரோப்பியர்களும் அமெரிக்கர்களும் போர்வைகளில் தைத்தார்கள். பிறகு இங்கிலாந்தில் போர்வையின் நடுவில் வைப்பதற்கென்றே துணிப் படங்களை அச்சிட்டார்கள். மூன்றாம் ஜார்ஜின் ஆட்சிப் பொன்விழாவுக்கும் 1813இன் வித்தோரியா வெற்றிக்கும் அப்படி வந்தன. அச்சுப் படத்தைச் சுற்றித் தைப்பதும் ஒரு கலைதான். அதற்குத் தையற்காரரின் தீர்ப்பு வேண்டும்: படத்தில் மிகக் குறைவாக உள்ள நிறமொன்றை ஒட்டிய மெல்லிய கரைக்கு எடுப்பது, அடுத்த பட்டையை வெறுமையாக விடுவது, வெளிக்கரையைப் படத்தைவிட அடர்ந்த ஒரே நிறத்தில் முடிப்பது. பட்டியலைப் பார்த்து விலை பேசும் இன்றைய வழக்கத்தில் இந்தத் தீர்ப்புக்கு இடமில்லை. படத்தைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர், கரையைச் சொல்பவர் இன்னொருவர், தைப்பவருக்குத் தையற்கூலி மட்டும்.

கருப்பூர்க் கலம்காரிக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சி. அது பெயரைக் காக்கும். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எதை வைப்பது என்ற அறிவைக் காக்க அதனால் இயலாது. திருப்பணிக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை சீலைக்கு முன்பணம் தரும்போது படத்தை வேண்டுமானால் நீங்களே கொடுங்கள். கரையைத் தைப்பவரிடம் விட்டுவிடுங்கள். உபயதாரர் பெயரை உள்மடிப்பில் தைத்துக்கொள்ளலாம்.