மின்விசிறியைப் போடாதே!

கண்ணாடி வளையலுக்கு இரண்டு முனை உண்டு. அவை எங்கே ஒட்டப்படுகின்றன என்று யாரும் கேட்பதில்லை. உத்தரப்பிரதேசத்து ஃபிரோசாபாத்தில், உலையிலிருந்து சுருளாக இழுத்து, அறுத்து, வாய் திறந்த வளையமாக்குவது வரைதான் ஆலையின் வேலை. அதை நிமிர்த்துவதும் ஒட்டுவதும் வீடுகளில். ஒரு சின்ன அறை, வரிசையாகச் சுடர்கள், அவற்றின் முன்னால் குனிந்த பெண்கள். பல வீடுகளில் குழந்தைகளும்.

அந்த அறையில் மே மாதத்திலும் மின்விசிறி ஓடாது. ஓடினால் சுடர் ஆடும், ஒட்டு கெடும். கூலியோ எண்ணிக்கைக்கு!

"ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டியதுதானே?" என்று கேட்கும் மேதாவிகள் உண்டு. ஜன்னல் காற்றும் காற்றுதானே ஐயா, அதிலும் சுடர் ஆடாதா? தவிர, சூடான புகை மேலே எழும்போது முதலில் சந்திப்பது குனிந்திருக்கும் முகத்தை. ஜன்னலுக்குப் போவது அப்புறம்தான். மண்ணெண்ணெயோ எரிவாயுவோ, மூடிய அறையில் ஆக்சிஜன் குறைந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனையே கிடையாது. சுடரின் வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனே நைட்ரஜன் ஆக்சைடாக மாறி நுரையீரலை அரிக்கும். மூக்கில் கட்டிய துணி இந்த வாயுக்களில் ஒன்றையும் தடுக்காது.

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது. சுடருக்கு மேலே ஒரு தகரக் கூண்டு, அதிலிருந்து வெளியே போகும் குழாய், குழாயின் முனையில் இழுக்கும் விசிறி. வேலை செய்பவரின் முதுகுப் பக்கம் புதுக் காற்று வர ஒரு திறப்பு. (இதை அடைத்துவிட்டால் விசிறி சும்மா சுற்றும், இழுக்காது.) கூண்டின் வாய் 2 அடிக்கு 1½ அடி என்றால் 3 சதுர அடி. நிமிடத்துக்கு 100 அடி வேகம் என்பது வழக்கமான கணக்கு. ஆக, நிமிடத்துக்கு 300 கன அடி காற்றை இழுத்தால் போதும். அந்த வேகம் மணிக்கு 2 கிலோமீட்டர்கூட இல்லை, மனிதன் நடப்பதைவிட மெதுவு. மின்விசிறி மாதிரி சுடரை அலைக்கழிக்காது. அமெரிக்காவில் பொழுதுபோக்குக்காகக் கண்ணாடி மணி செய்பவர்களுக்கு, பர்னர் வாங்கும் முன்பே இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

1996 டிசம்பர் 30 அன்று, தாஜ்மகாலின் பளிங்கு கெடுகிறது என்ற வழக்கில், சுற்றுவட்டார ஆலைகள் நிலக்கரியை விட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஃபிரோசாபாத் உலைகளும் மாறின. நல்ல தீர்ப்பு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி நிற்கும் கல்லுக்குக் கிடைத்த காற்று, சுடருக்கு ஒரு முழ தூரத்தில் இருக்கும் மூக்குக்குக் கிடைக்கவில்லையே!

சட்டமும் வீட்டு வாசலோடு நின்றுகொண்டது. 1948 தொழிற்சாலைச் சட்டம் காற்றோட்டத்தைக் கட்டாயமாக்கியது. ஆனால் மின்சக்தி இருந்தால் 10 பேர், இல்லாவிட்டால் 20 பேர் வேலை செய்யும் இடம்தான் அதற்குத் தொழிற்சாலை. 2020 சட்டத் தொகுப்பு அதை 20, 40 என்று உயர்த்தியது. நாலு பேர் உட்காரும் அறை எந்தக் கணக்கில் வரும்?

"அவர்கள் வீடு, அவர்களே மாட்டிக்கொள்ளட்டும்" என்பது அடுத்த வாதம். வீடு அவர்களுடையது, சரி. வளையல் யாருடையது? ஆலை முதலாளியுடையது, இடையில் ஒப்பந்தக்காரர். வேலையை வீட்டுக்கு அனுப்பியதில் வாடகையும் மிச்சம், புகைபோக்கியும் மிச்சம். அந்த மிச்சத்திலிருந்துதான் கூண்டும் குழாயும் விசிறியும் வரவேண்டும். வளையலை ஏற்றிவரும் தள்ளுவண்டியிலேயே அவற்றையும் ஏற்றி அனுப்பலாம்.